தக்காளி ஆண், பல்லாரி பெண்

ஒரு தக்காளியைக் கையில் எடுத்தால் பரீது பண்டாரி முதலில் அதன் கன்னத்தைத் தடவுவார். பிறகு காம்பை முகர்ந்து பார்ப்பார். மூன்றாவதாக, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்டும் கேட்காமலும், "ஆம்பள" என்பார். அதற்கப்புறம்தான் அது கூடைக்குள் விழும். பல்லாரி வெங்காயத்தை அள்ளும்போது "பொம்பள". கத்திரிக்காய் பொம்பளை, வெள்ளைப்பூடு ஆம்பளை, உருளைக்கிழங்கு பொம்பளை, முட்டைக்கோஸ் ஆம்பளை. தென்காசிச் சந்தைக் காய்கறிக்காரிகளுக்கு இது முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, கடைசியில் பழகிப்போயிற்று. இப்போது புதிதாகப் புடலங்காய் வந்து இறங்கினால், "பாய், இது என்ன பிள்ள?" என்று அவர்களே கேட்கிறார்கள். அவருடைய புத்தகத்தில் புடலங்காய் இல்லை. அதனால் அதை மட்டும் பேசாமல் எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்வார்.

முட்டைக் கடையில்தான் பெரிய தகராறு. இத்தாலியன் பாஷையில் ஒரு முட்டை வாங்கினால் அது ஆண். இரண்டாவது முட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்த மாத்திரத்தில் இரண்டுமே பெண்ணாகிவிடும். இந்த அநியாயத்தை அவர் ஒரு வாரம் நம்பவே இல்லை, அச்சுப்பிழை என்றே வைத்திருந்தார். புத்தகத்தின் பின்பக்கத்து அட்டவணையிலும் அப்படியே இருக்கக் கண்டதும், "அந்த ஊர்க் கோழியோட பழக்கம், நமக்கென்ன" என்று ஒப்புக்கொண்டார்.

ஆள் ஒல்லி. நாற்பத்தொன்று முடியப்போகிற வயது. முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாரம், அகலமான பச்சை பெல்ட், பெல்ட்டில் ஒரு பக்கம் பீடிக்கட்டு, இன்னொரு பக்கம் அட்டை கிழிந்த ஒரு சின்னப் புத்தகம். பண்டாரி என்றால் சமையல்காரர். குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் சமையல்கட்டு சீசன் மூன்று மாதமும் அவர் பொறுப்பில். விடியற்காலைச் சுபுஹு தொழுகை முடிந்த கையோடு சந்தைக்கு வருவார், கூடைகளை முதல் பஸ்ஸின் கூரையில் ஏற்றுவார், சாரல் முகத்தில் அடிக்க அடிக்கக் குற்றாலம் போய்ச் சேர்வார். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு வரும் பசி சாதாரணப் பசி இல்லை. அந்தப் பசிக்கு இருபது வருஷமாகச் சோறு போட்டுக்கொண்டிருக்கும் கை அவருடையது. அதற்கும் முன்னால், பொடியனாக, ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டுச் சமையல்கட்டில் எடுபிடியாக நின்றவர். புத்தகத்தில் உள்ள இங்கிலீஷைத் தட்டுத்தடுமாறியாவது படிக்க அந்த நாள் பழக்கம்தான் உதவுகிறது.

இந்த மனிதருக்கு இத்தாலியன் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். சந்தையில் எல்லாரும் கேட்டார்கள். அவருடைய வீட்டுக்காரி அலிமா ஒருத்திதான் கேட்கவில்லை, ஏனென்றால் அவள்தான் காரணம். சீசன் முடிந்தால் லாட்ஜைப் பூட்டிவிடுவார்கள். நடுவில் நாலு கல்யாணப் பந்தி கிடைத்தால் உண்டு. பெண் பிள்ளைகள் இரண்டு, மூத்தவளுக்குப் பதினாலு ஆகிறது. ஓட்டு வீடு சாரலுக்கே ஒழுகும். "மூணு மாசம் நீங்க அடுப்பப் பாக்கிய, மச்சான். ஒம்பது மாசம் அடுப்பு நம்மளப் பாக்குது" என்று ஒரு நாள் அவள் சொன்னாள். சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. அதனால்தான் அது அவரை அதிகமாகக் குத்தியது.

அலிமாவின் தம்பி மசூது கொச்சித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். இத்தாலிக் கப்பல் ஒன்று வருஷத்துக்கு ஒரு தரம் ஆவணிக் கடைசியில் அங்கே வந்து ஒரு மாதம் நிற்கும், சமையல்கட்டுக்குச் சாமான் வாங்கிப் போட ஆள் எடுப்பார்கள் என்று எழுதினான். போன வருஷம் பரீது போனார். கப்பலின் தலைமை ஸ்டூவர்டு அவர் கையை வாங்கிப் பார்த்தார், கத்தி பிடித்துக் காய்த்த இடத்தைத் தடவிப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. ஆனால் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இறங்கி எங்கள் பாஷையில் சாமான் வாங்கத் தெரியவேண்டும், கற்றுக்கொண்டு அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிட்டார். நாற்பத்திரண்டு தாண்டினால் எடுக்க மாட்டார்களாம். ஆகவே இந்த ஆவணியை விட்டால் அவருக்கு வேறு ஆவணி கிடையாது. மசூது எங்கேயோ தேடிப் பிடித்து, இங்கிலீஷ்காரர்களுக்கு, கடைக்குப் போய் வாங்குகிற மாதிரியே இத்தாலியன் இலக்கணம் சொல்லிக்கொடுக்கும் அந்தப் புத்தகத்தை அனுப்பிவைத்தான்.

புத்தகத்தில் ஒரு பாடத்துக்கு ஒரு கடை. பழக்கடையில் ஆண்பால் பெண்பால். ரொட்டிக்கடையில் ஒருமை பன்மை. பால்கடையில் "கொஞ்சம்" என்று சொல்வதற்கு எத்தனை விதம் உண்டோ அத்தனையும். கறிக்கடையில் மரியாதை. அந்தக் கறிக்கடைப் பாடத்தைத்தான் அவர் ஒலி முகம்மது கடையில் சொல்லிப் பார்த்தார். அந்தப் பாஷையில் எதிரே நிற்பவரை மரியாதையாக அழைக்க வேண்டுமென்றால் "அவள்" என்றுதான் சொல்லவேண்டும். ஒலி முகம்மது ஆறடி ஆள், மீசையைப் பார்த்தே பாதி ஆடு படுத்துவிடும். விஷயத்தை விளக்கிச் சொன்னதும் அவர் கத்தியைக் கட்டையில் குத்தி வைத்தார். பிறகு, "ஏ பரீது, எனக்கு மரியாத வேண்டாம்ப்பா" என்றார்.

ஆனாலும் சந்தை அவரைத் தாங்கிக்கொண்டது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ராத்தலும் வீசையும் ஒழிந்து கிலோ வந்த புதிது. புதுப் படிக்கல்லை வைத்துக்கொண்டு கடைக்காரிகள் திண்டாடினார்கள். அரைக் கிலோ எவ்வளவு, கால் கிலோ எவ்வளவு என்று குழம்பாத ஒரே மனிதர் பரீதுதான். புத்தகத்தில் எல்லாமே கிலோ. ஆகவே கணக்குக்கு அவர் வேண்டும், கணக்கோடு இத்தாலியனும் வந்து சேர்ந்தது. தக்காளிக் கடை முத்துவடிவு, "பொன் ஜோர்னோ" என்றால் காலை வணக்கம் என்று தெரிந்துகொண்டு, பாய் வருகிறாரோ இல்லையோ, முதல் பஸ்ஸைப் பார்த்தே அதைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

வீட்டில் இன்னொரு சந்தை நடந்தது. வாழ்நாளில் ஒரு நாள்கூடக் கடைத்தெருவுக்குப் போகாதவள் அலிமா. அவள் தெருப் பெண்களுக்குக் கடைக்குப் போகிற வழக்கம் இல்லை. அவள்தான் கடைக்காரி. தொழுகைக்குப் போகுமுன் அவர் தயாராகி வந்தால், அவள் அஞ்சறைப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். அவர் "வொர்ரெய்" என்று தொடங்குவார். எனக்கு வேண்டியிருக்கிறது என்று பணிவாகச் சொல்வதாம். அவள் விலை சொல்வாள். ஒரு எழுத்தும் படிக்காமல், காதால் கேட்டே, இருநூறு முந்நூறு லிரா என்று அந்த ஊர்க் காசிலேயே கூசாமல் கேட்பாள். அவர் "க்வான்தோ கோஸ்தா", என்ன விலை, என்று கேட்ட வேகத்திலேயே அவள் இன்னும் ஐம்பதைக் கூட்டுவாள். "ஏட்டி, சீரகத்துக்கு இம்புட்டு வெலையா" என்று அவர் தமிழில் கத்தினால், "தமிழ்ல கேட்டா இன்னும் அம்பது" என்பாள். அவளுடைய உச்சரிப்பு அவருடையதைவிட நன்றாக இருந்தது. அது அவருக்கும் தெரியும். சொல்லத்தான் மாட்டார்.

இப்படிக் கல்லும் முள்ளும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த படிப்பு ஒன்பதாம் பாடத்தில் போய் முட்டிக்கொண்டது.

ஒன்பதாம் பாடம் வேண்டாம் என்று சொல்கிற பாடம். அதில் ஒரு அம்மாள் கடைக்குப் போகிறாள். தக்காளி என்ன விலை என்கிறாள். விலை சொன்னதும் "த்ரோப்போ காரோ", ரொம்ப விலை, என்கிறாள். வெங்காயத்தைக் கேட்கிறாள், மீனைக் கேட்கிறாள், எலுமிச்சம்பழத்தைக்கூட விடவில்லை. எல்லாவற்றுக்கும் த்ரோப்போ காரோ. கடைசியில் "நோ, கிராத்சியே", வேண்டாம், நன்றி, என்று சொல்லிவிட்டு ஒரு கறிவேப்பிலை ஈர்க்குகூட வாங்காமல் நடையைக் கட்டுகிறாள். அத்துடன் பாடம் முடிகிறது. இதை முதல் நாள் இரவு முழுக்க மனப்பாடம் செய்த பரீது, மறுநாள் விடிய முத்துவடிவு கடைக்கு முதல் ஆளாக வந்து நின்று, உணர்ச்சியோடு, ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார். ஒப்பித்த வேகத்தில், பாடத்தில் அந்த அம்மாள் போனது போலவே திரும்பிப் பார்க்காமல் போயும்விட்டார்.

போணி என்பது அந்தச் சந்தையில் விளையாட்டுக் காரியம் இல்லை. அன்றைய முதல் ஆள் விலை கேட்டுவிட்டால் வாங்கியே ஆகவேண்டும். கால் கிலோவாவது, ஒரு காயாவது. அந்த முதல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பெட்டியில் போடுவார்கள். சாயபுமார் கடையானால் பிஸ்மில்லா சொல்லிப் போடுவார்கள். போணிக்கு முன்னால் வேண்டாம் என்ற வார்த்தை விழுந்தால் அன்றைய வியாபாரம் போயிற்று. பரீதுக்கு இது தெரியாதா? இருபது வருஷமாகத் தெரியும். ஆனால் பாடத்துக்குள் இருந்தவருக்குச் சந்தைக்குள் இருப்பது மறந்துவிட்டது. நாலு கடை தள்ளிப் போனதும் சுரீர் என்று உறைத்துத் திரும்பி ஓடிவந்தார். முத்துவடிவு அதற்குள் கூடையைச் சாக்கால் மூடியிருந்தாள்.

அன்றைக்கென்று மழை வலுத்தது. அன்றைக்கென்று ஒரு மாடு வந்து மூடின சாக்கை இழுத்தது. தக்காளி பாதி சகதியில் உருண்டது, மீதி விற்கவில்லை. மறுநாள் சந்தை முழுக்கச் சேதி பரவிவிட்டது. போணி ஆகாத எந்தக் கடையிலும் அவருக்கு விலை சொல்ல மாட்டேன் என்றார்கள். லாட்ஜுக்குச் சாமான் போகவேண்டுமே. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முத்துவடிவு முன்னால் போய் நின்றார்.

"பாய், ஒங்க பாஷையில வேண்டாம்ங்கதுக்கு வார்த்த இருக்கட்டும்" என்றாள் அவள். "போணிக்கு முன்னால அது ஒங்க வாயில வரப்புடாது. தராசத் தொட்டுச் சொல்லுங்க."

பரீது தராசைத் தொட்டுச் சொன்னார். சொன்னால் சொன்னதுதான், அதில் அவரை ஒன்றும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு ஒன்பதாம் பாடம் அப்படியே நின்றுவிட்டது. அவர் சந்தைக்கு வருகிற நேரம் எல்லாக் கடைக்கும் போணி நேரம். சந்தை சூடு பிடித்து வேண்டாம் என்று சொல்லலாம் என்கிற நேரத்தில் அவர் குற்றாலத்தில் குழம்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருப்பார். சரி, வீட்டிலாவது சொல்லிப் பழகலாம் என்று பார்த்தால், அலிமா அஞ்சறைப் பெட்டியை மூடிவிட்டாள். "விடிஞ்சும் விடியாம வந்து எங்கிட்ட மட்டும் வேண்டாம்னு சொல்லுவியளோ? நானும் யாவாரிதான்" என்றாள். தனியாகச் சொல்லிப் பார்த்தார். அருவிப் பக்கம் போய்த் தண்ணீரைப் பார்த்து "த்ரோப்போ காரோ" என்றார். எதிராளி இல்லாமல் சடுகுடு ஆடினது போல இருந்தது. கடைசிவரை நாக்கு பழகவில்லை.

ஆவணி கடைசியில் செங்கோட்டை வழியாக ரயில் ஏறி, கொல்லத்தில் மாறி, கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். கப்பல் ஏஜென்சி ஆபீஸ் மாடியில் ஆறு பேர் காத்திருந்தார்கள். பழக்கதோஷம், விடியும் முன்பே வந்து உட்கார்ந்திருந்ததால் முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே தலைமை ஸ்டூவர்டு மேஜைக்குப் பின்னால் குன்று மாதிரி உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் மூன்று அயிலை மீன், ஒரு குவியல் தக்காளி, நாலைந்து பல்லாரி. மீன் மூன்றும் கண் வெளுத்தவை. தக்காளி தொட்டால் நீர் விடும். பல்லாரி முளை விட்டிருந்தது. அத்தனையும் சொத்தை. பரீதுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது, இன்றைய பரீட்சை வேண்டாம் என்று சொல்வதுதான்.

ஸ்டூவர்டு இத்தாலியனில் மூன்றே வாக்கியங்கள் பேசினார். நான் கடைக்காரன். நீ வாங்க வந்தவன். கடையை இப்போதுதான் திறந்தேன். மூன்றும் பரீதுக்குத் தெளிவாகப் புரிந்தது. மூன்றாவதில் அவருக்கு வேர்த்துவிட்டது.

ஒரு மீன் ஐந்நூறு லிரா என்றார் ஸ்டூவர்டு. த்ரோப்போ காரோ தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு முன்னால் முத்துவடிவின் தராசு வந்து நின்றது. பரீது, "வா பேனே" என்றார். சரி என்று அர்த்தம். தக்காளிக்கு வா பேனே. பல்லாரிக்கும் வா பேனே. ஒவ்வொரு வா பேனேவுக்கும் ஸ்டூவர்டின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற மசூது தலையில் கையை வைத்துக்கொண்டான். ஸ்டூவர்டு பென்சிலை எடுத்தார். ஒரு வருஷப் படிப்பும் ஒழுகுகிற ஓடும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தப் பென்சில் முனையில் நின்றார்கள்.

அப்போது பரீது ஒரு காரியம் செய்தார். பெல்ட்டைத் திறந்து ஒரு நாலணாவை எடுத்தார். மேஜையைச் சுற்றிப் போய் அதை ஸ்டூவர்டின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி மூடினார். மூடின கையைப் பிடித்து அவருடைய கண்ணில் ஒற்றவும் வைத்துவிட்டார். அந்தப் பெரிய மனிதர் திகைத்துப்போய்ச் சொன்னபடி கேட்டார். வாங்கின ஒரு மீனையும் இரண்டு தக்காளியையும் ஒரு பல்லாரியையும் பரீது துண்டில் முடிந்துகொண்டு வெளியே வந்தார், மசூது கையில் கொடுத்தார், கதவைச் சாத்தினார். சாத்தின கதவை மறுபடி தட்டினார்.

"பொன் ஜோர்னோ" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவர் வேறு பரீது. போணி முடிந்துவிட்டது, இனி என்ன பயம்? மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினார். அந்த ஊரில் மீன் ஆண் ஆகையால் இவன் கிழவன் என்றார். பல்லாரி பெண் ஆகையால் இவள் கிழவி என்றார். தக்காளிகள் எல்லாரும் கிழவர்கள், ஞாயிற்றுக்கிழமையே மௌத்தாகி இன்னும் அடக்கமாகாதவர்கள் என்றார். த்ரோப்போ காரோ என்ற வார்த்தை, இத்தனை நாள் அடைத்து வைத்த மடை திறந்தது போல, ஆறு தரம் வந்து விழுந்தது. ஆனால் அத்தனை திட்டுக்கு நடுவிலும் ஸ்டூவர்டை மட்டும் மரியாதை தவறாமல் "அவள்" என்றே அழைத்தார். கடைசியில் நெஞ்சில் கை வைத்து, "நோ, கிராத்சியே" என்று முடித்தார்.

ஸ்டூவர்டு சிரித்ததில் மேஜை ஆடியதாக மசூது சொல்கிறான். அவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். சிரித்து முடித்துவிட்டு, முதலில் ஏன் வாங்கினாய் என்று ஸ்டூவர்டு கேட்டார். பரீது இருக்கிற வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார். முதல். காலை. நான் வேண்டாம், நீங்கள் நாள் முழுக்க வேண்டாம். ஸ்டூவர்டு நாலணாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பதினைந்து நாளில் ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தது. மாதச் சம்பளம், கொச்சியில் ஏறவேண்டும், பதினெட்டு மாதம் கழித்துத்தான் ஊருக்கு அனுப்புவார்கள். சந்தையில் முத்துவடிவு இரண்டு கை கறிவேப்பிலையைக் கூடையில் சும்மாவே போட்டாள். அந்த ஊர்க் கடைக்காரங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் அலிமா சாரங்களைத் துவைத்து மடித்தாள், பெட்டிக்குப் பூட்டு வாங்கச் சொன்னாள், ஊறுகாய் போட்டாள். பதினெட்டு மாதத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. போகச் சொன்னவளே அவள்தான். இனி எந்த வாயால் பேசுவாள்? அவருக்கும் அதைப் பற்றிப் பேச்செடுக்கப் பயமாக இருந்தது.

புறப்படுகிற அன்று விடியுமுன் அவர் எழுந்து வந்தபோது, வழக்கம்போல அவள் அஞ்சறைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவரும் வழக்கம்போல எதிரே உட்கார்ந்து "வொர்ரெய்" என்று ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னைக்கி நீங்க யாவாரி, மச்சான். நான் வாங்க வந்தவ" என்றாள். பிறகு அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த கடிதத்தைப் பார்த்து, "க்வான்தோ கோஸ்தா?" என்றாள்.

அவர் கடிதத்தை உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டார். பதினெட்டு மாசம் என்றார்.

"த்ரோப்போ காரோ" என்றாள் அலிமா. குரல் ஒரு இடத்தில்கூடப் பிசிறவில்லை, கண்தான் நிறைந்துவிட்டது. "பத்துன்னு போட்டுக் குடுங்க."

பரீது பதினேழு என்றார். பதினாறு என்றார். அதைக் குறைக்கிற அதிகாரம் அவர் கையில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.  வாசலில் குதிரைவண்டி வந்து நின்று மணி அடித்தது. ஒன்பதாம் பாடத்தின் கடைசி வரி, வேண்டாம் என்கிற அந்த "நோ, கிராத்சியே", அலிமாவின் உதடு வரைக்கும் வந்திருந்தது. ஆனால் இன்னும் விடியவில்லை. விலையும் அவளே கேட்டுவிட்டாள்.

கடுகுக் கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் துழாவி ஒரு நாலணாவை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த கடுகை ஊதினாள். அவர் உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.